தண்ணி குடிச்ச வண்டி

சென்னை வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீருக்குள் பைக் நின்றுபோனால் யாருக்கும் முதலில் வருவது கோபம். கோபத்தில் கட்டைவிரல் நேராக செல்ஃப் பட்டனுக்குத்தான் போகும். பல வண்டிகள் பாழாவது அந்த ஒரு நொடியில். எங்கள் நைனா சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "தாகம் போல, குடிச்சிட்டுது. இப்ப துப்ப வெக்கணும், அவ்ளோதான்" என்று சிரித்துக்கொண்டே தள்ள ஆரம்பிப்பார். எஞ்சினைக் காப்பாற்றும் முதல் வேலை அந்தச் சிரிப்புதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

பிஸ்டனால் காற்றை அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தள்ளி இழுக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான்.

மேட்டுக்கு வந்ததும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்து வையுங்கள், இன்சூரன்ஸ் கேட்க உதவும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

கார்புரேட்டர் வைத்த நூறு சிசி வண்டி என்றால் மீதி வேலை வீட்டு வாசலிலேயே முடியும். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிவிட்டு, சாவி போடாமல் பத்துப் பதினைந்து கிக் அடியுங்கள். ப்ளக் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். முகத்தை நேரே வைக்காதீர்கள். பெட்ரோலும் சேர்ந்து வரும், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. நைனா இந்த இடத்தில் ஒவ்வொரு கிக்குக்கும் "துப்புடா ராஜா" என்பார். வெறும் புகை போல ஈரக்காற்று வரும்வரை அவர் நிறுத்தவே மாட்டார், அவசரக்காரர்கள் ஐந்தாவது கிக்கிலேயே ப்ளக்கைப் போட்டுவிடுவார்கள்.

ஏர் ஃபில்டர் காகிதமாக இருந்தால் புதுசு வாங்குங்கள், காய வைத்துப் போட்டால் வண்டி மூச்சு முட்டும். ஸ்பாஞ்சாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து நிழலில் காயப்போடலாம். முன்சக்கரத்தை இருவராகத் தூக்கிப் பிடித்தால் சைலன்சரில் தேங்கியது பின்வழியாக இறங்கிவிடும்.

பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். டேங்க் ட்யூபைக் கழற்றி உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, பத்து நிமிடம் அசைக்காமல் வைத்தால், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக ஒரு அடுக்கு நிற்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்யத்தான் வேண்டும். கார்புரேட்டர் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி அதையும் வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் இல்லாத புது மாடல் (பிஎஸ் 6) இன்ஜெக்ஷன் வண்டியில் ட்யூபுக்குள் அழுத்தம் இருக்கும், அதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

ஆயிலைப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். டீயில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. முழுக்க வடித்து, விலை குறைந்த ஆயில் ஏறத்தாழ 900 மில்லி ஊற்றி, ப்ளக்கையும் பேட்டரி ஒயரையும் மாட்டி, வண்டியை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி வடிக்க வேண்டும். இரண்டாவது தடவையும் வெளுப்பாக வந்தால் மூன்றாவது. மனசு விட்டுப்போவது இங்கேதான். நைனா ஆயிலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்து, "போன வாட்டிக்கு இது எவ்ளோ தெளிஞ்சிருக்குது பாரு" என்பார். உண்மையிலேயே தெளிந்திருக்கும். அப்புறம்தான் நல்ல ஆயில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டியை முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அப்புறம் சோப்புப் போட வேண்டும். எண்ணெய் ஏறிய பிரேக் ஷூவை எவ்வளவு கழுவினாலும் பிடிக்காது, மாற்றிவிடுங்கள்.

வெறும் தண்ணீர்தான் என்றால் ஆளில்லாத தெருவில் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே மெதுவாக ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் ட்ரம் காய்ந்துவிடும். பிரேக் பழையபடி பிடிக்கிறவரை நைனா பின்சீட்டில் யாரையும் ஏற்ற மாட்டார்.