கதவுக்குள் முளைத்த ஆடுதுறை 39

தங்கை கல்யாணத்துக்கு நாச்சியார்கோயிலில் ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கி, பழைய வேட்டியில் சுற்றிப் பின் சீட்டில் வைத்துவிட்டு, அப்படியே கும்பகோணம் போய்ப் புடவையும் எடுத்து வந்துவிடலாம் என்று நானும் அம்மாவும் கிளம்பினோம். மகாமகக் குளம் பக்கம் காரை நிறுத்தி ரிமோட்டை அமுக்கினேன். இண்டிகேட்டர் சிமிட்டியது, 'டக்' என்று சத்தம் வந்தது, போய்விட்டோம். இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், நான் ரிமோட்டை எடுப்பதற்குள் அம்மா பின் இடது கதவை இழுக்கிறார், அது பாட்டுக்குத் திறந்துகொள்கிறது. நல்லவேளை, விளக்கு அங்கேயே இருந்தது. "பூட்டாமலாடா வந்தே?" என்ற ஒரே கேள்விக்குக் குடவாசல் வரும்வரை பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பூட்டினேன்தான். மூன்று கதவு பூட்டியது, ஒன்று பூட்டவில்லை. எங்களுடையது பேஸ் மாடல், ஒரே அமுக்கில் எல்லாக் கதவையும் பூட்டும் சென்ட்ரல் லாக் கூடவே வரவில்லை, வாங்கிய வருஷம் வெளியே ஒரு கடையில் கிட் வாங்கிப் போட்டது. கதவுக்கு ஒன்றாக நான்கு மோட்டார், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். இதில் டிரைவர் கதவு மோட்டாருக்கு மட்டும் ஐந்து ஒயர்: இரண்டு மோட்டாரைச் சுற்ற, மூன்று 'நான் பூட்டியிருக்கிறேனா, திறந்திருக்கிறேனா' என்று பெட்டிக்குச் சொல்ல. மற்ற மூன்று கதவுக்கும் இரண்டிரண்டு ஒயர்தான். பெட்டி ஒரு நொடிகூட இல்லாத நேரத்துக்கு 12 வோல்ட் கொடுக்கும், பூட்ட ஒரு பக்கம், திறக்க பிளஸ் மைனஸை மாற்றி. கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது. பின் கதவு உண்மையிலேயே பூட்டியதா என்று அதற்குத் தெரியவே தெரியாது, ஆனால் இண்டிகேட்டரை மட்டும் ஜோராகச் சிமிட்டிவிடும். இத்தனை வருஷம் அந்தச் சிமிட்டலை நம்பித்தான் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறேன்.

கடையில் காட்டினால், "செட்டையே மாத்திடுங்க சார், பழைய கிட்டுக்குத் தனியா மோட்டார் சேராது" என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் தெருமுனையில் பம்புசெட் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய் நின்றேன். "மோட்டார்னா மோட்டார்தான் தம்பி, அஞ்சு எச்பி என்ன, அரை விரக்கடை என்ன" என்றபடியே ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துக் கையில் கொடுத்தார். மல்டிமீட்டர் எதற்கு வேண்டாம் என்றால், கரண்ட் வந்து போகிற வேகத்துக்கு மீட்டரில் நம்பர் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும், பல்பு என்றால் மின்னுவது கண்ணுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைக் கழற்ற உட்கார்ந்தேன். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, ஆர்ம்ரெஸ்டில் இரண்டு. கண்ணாடி ஏற்றும் ஹேண்டில்தான் படுத்தியது. அதை ஸ்க்ரூ பிடித்திருக்காது, பின்னால் சின்னக் கம்பி கிளிப் ஒன்று கவ்வியிருக்கும். பழைய துண்டை ஹேண்டிலுக்கும் டோர் பேடுக்கும் (கதவின் உள்பக்க மூடி) நடுவில் விட்டு, தயிர் கடைகிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் கிளிப் தெறிக்கும். தெறித்தது. துளசி மாடத்துக்குப் பின்னால் அரை மணி நேரம் தேடி எடுத்தேன், நீங்கள் செய்தால் இன்னொரு கையை மேலே மூடி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேடைக் கீழ் ஓரத்திலிருந்து இழுத்தால் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். எனக்கு இரண்டு உடைந்தது.

மோட்டாரின் கப்ளரை, அதாவது ஒயர் சேரும் இணைப்பைப் பிரித்து, ஒயர் பக்கம் பல்பை வைத்து ரிமோட்டை அமுக்கினேன். மின்னியது. திறக்கவும் மின்னியது. ஆக ஃபியூஸ், பெட்டி, கதவு கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கி அறுந்துபோகிற அந்த ஒயர், மூன்றுமே சுத்தம். மோட்டாருக்கு நேராக பேட்டரியிலிருந்து கொடுத்தால் 'ம்ம்' என்று முனகியது, பூட்டைத் தள்ளும் ராடு அசையவில்லை. திருப்புளிப் பிடியால் தலையில் ஒரு தட்டு தட்டினேன், ஒரு தடவை பாய்ந்தது, மறுபடி படுத்துக்கொண்டது.

கழற்றிப் பிளந்து பார்த்தால் உள்ளே பல்சக்கரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, மோட்டார் தண்டு மட்டும் செங்காவி. தண்ணீர். கதவுக்குள் தண்ணீர் போவது தப்பில்லை, கண்ணாடியில் வழிகிற மழை ஓர ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும், அது வெளியேறத்தான் கதவின் அடி விளிம்பில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். என் கதவில் அந்த ஓட்டை எங்கே என்று விரலை விட்டுத் துழாவினேன், சேறு மாதிரி ஏதோ வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தவிடு, பதர், புழுதி, அதற்கு நடுவே நான்கைந்து நெல், வெளிறிய முளை விட்டு ஒரு விரல் நீளத்துக்கு நிற்கிறது!

புரட்டாசியில் தாளடி நாற்றங்காலுக்கு ஆடுதுறை 39 விதைநெல் மூட்டையை அந்தப் பக்கம்தான் ஏற்றி வந்தோம், மூட்டை ஓரத்தில் தையல் விட்டிருந்தது, கண்ணாடியும் இறங்கியிருந்தது. அது போக, அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிற ஊர் இது, தூற்றுகிற பதர் முழுக்கக் கார்மேல்தான். அடைத்துக்கொண்ட ஓட்டைக்கு மேல் ஐப்பசி மழை தேங்கி, அந்த ஈரப்புழுக்கத்திலேயே மோட்டார் கிடந்திருக்கிறது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். "வயல்ல இப்படி முளைக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புது மோட்டார், இரண்டு ஒயர் வகை, 250 ரூபாய்க்கு வேறொரு கடையில் கிடைத்தது, பழைய கிட்டோடு சேராது என்று சொன்னதெல்லாம் சும்மா. மாட்டுவதில் ஒன்றே ஒன்றுதான் சூட்சுமம். மோட்டார் ராடு மொத்தமாக இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் போய் வரும், அதனால் மோட்டாரையும் பூட்டின் ராடையும் இரண்டையும் நடுவாக வைத்துக்கொண்டு இணைப்பு ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டும், முழுசாகத் திறக்காது. அப்புறம் கண்ணாடியை முழுக்கக் கீழே இறக்கி, மோட்டாரிலோ ராடிலோ இடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

முதல் தடவை ரிமோட்டை அமுக்கியதும் மூன்று கதவு பூட்ட, இது மட்டும் சமர்த்தாகத் திறந்தது. இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டேன், சரியாகிவிட்டது. இந்தச் சோதனையை எல்லாம் கதவைத் திறந்து வைத்தே செய்யுங்கள், கதவு ஓரத்தில் கவ்வுகிற லாட்சைத் திருப்புளியால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டால் போதும், பூட்டைத் திறந்துவிட்டு வெளிக் கைப்பிடியை இழுத்தால் விட்டுவிடும். கதவைச் சாத்திய பிறகு அது உள்ளேயே சிக்கிக்கொண்டால் பேடைக் கழற்றவும் வழியில்லை. கிட் போட்டவர்கள் கிழித்துத் தொங்கவிட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டையும் ஓரமாக ஒட்டிவிட்டுத்தான் பேடை மூடினேன்.

மிச்ச மூன்று கதவின் ஓட்டையையும் துடைப்பக் குச்சியால் குத்தினேன். முன் இடது கதவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர், காபி நிறத்தில் வந்தது. அந்த மோட்டாரும் இப்போதெல்லாம் 'டக்' என்று சொல்வதற்கு முன்னால் லேசாக இழுக்கிறது. கல்யாணம் முடியட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன், அதுவரை அம்மா நான்கு கதவையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காரை விட்டு நகர்கிறார்.