'ஐ ஆம் ஷூர்' என்பவரை எவ்வளவு நம்பலாம்?

வேலையிடத்து ஆங்கிலத்தில் நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கும் சொல் 'டெஃபினிட்லி'. 'இட் வில் டெஃபினிட்லி பி டன் டுமாரோ' என்று குழுவில் யாராவது மெயில் போட்டால், அந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று போய் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவேன். முடியும் என்று நிஜமாகவே தெரிந்தவர் 'இட் வில் பி டன் டுமாரோ' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். உள்ளுக்குள் ஆட்டம் கண்டவருக்குத்தான் முட்டுக்கொடுக்க ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

வாடிக்கையாளர்களின் தரவுத்தளங்களைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றிக் கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. மாற்றும் வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கும். பேச்சு பகலில், ஆங்கிலத்தில், பல நாட்டுக்காரர்களோடு. 'ஆர் யூ ஷூர்?' என்ற கேள்வி வராத கூட்டம் கிடையாது. அதற்கு யார் என்ன பதில் சொல்கிறார்கள் என்று கவனிப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

ஒருவர் எங்கே என்று கேட்கிறோம். 'ஹி இஸ் இன் த மீட்டிங்' என்பவர் அவரைக் கூட்டத்தில் பார்த்திருக்கிறார். 'ஹி மஸ்ட் பி இன் த மீட்டிங்' என்பவர் அவருடைய காலி நாற்காலியைப் பார்த்திருக்கிறார். 'ஐ ஆம் ஷூர் ஹி இஸ் இன் த மீட்டிங்' என்பவர் பெரும்பாலும் எதையுமே பார்க்கவில்லை, நம்மைச் சமாதானப்படுத்துகிறார். பள்ளியில் 'மஸ்ட்' என்றால் கட்டாயம் என்று படித்தவர்களுக்கு இது இடிக்கும். ஆனால் ஊகித்துச் சொல்லும் இடத்தில் 'மஸ்ட்' வெறும் 'இஸ்' அளவுக்கு உறுதி தராது. அதற்கும் கீழே 'ஷுட்'. 'இட் ஷுட் வொர்க் நவ்' என்று டிக்கெட்டை (கோளாறுக்காகப் பதிவான புகாரை) மூடுகிற ஆள், தான் சோதித்துப் பார்க்கவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிறார் என்றுதான் பொருள். 'ப்ரெட்டி ஷூர்' என்றால் உறுதியில் கொஞ்சம் குறைகிறது. 'குவைட் ஷூர்' என்றால் முழு உறுதி. எதற்கு இந்த வித்தியாசம் என்று என்னைக் கேட்காதீர்கள், அந்த மொழி அப்படி.

ஒரு மாற்றத்துக்கு முந்தைய கூட்டம். ஏதாவது தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்று வாடிக்கையாளர் பக்கத்து அம்மையார் கேட்டார். எங்கள் மேலாளர், "யெஸ், யெஸ், ஹண்ட்ரட் பர்சென்ட்" என்றார். மறுமுனையில் சத்தமே இல்லை. அந்த அம்மையார் அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டார். மேலாளர், "வீ ஆர் வெரி கான்ஃபிடன்ட்" என்றார். மறுபடியும் அமைதி. அப்போது குழுவிலேயே வயதில் சின்னப் பெண், அதிகம் வாய் திறக்காதவர், மெதுவாகச் சொன்னார்: "வீ ரீஸ்டோர்டு த பேக்கப் லாஸ்ட் நைட். ஐ செக்டு த ரோ கவுண்ட்ஸ், தே மேட்ச். த அட்டாச்மென்ட்ஸ் ஐ ஹேவ்ன்ட் செக்டு யெட்." அந்த அம்மையார் உடனே, "குட், வென் வில் யூ செக் தெம்?" என்றார். பேச்சு அட்டாச்மென்ட் பக்கம் நகர்ந்துவிட்டது. திரும்ப முடியுமா என்ற கேள்வி அதற்குப் பிறகு எழவே இல்லை.

பேக்கப்பை, அதாவது காப்புப் பிரதியை, நேற்று ராத்திரி ஏற்றிப் பார்த்தோம்; வரிசைகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறது; இணைப்புக் கோப்புகளை இன்னும் பார்க்கவில்லை. மூன்றே வாக்கியம். நம்பிக்கையைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. அதிலும் ஒன்று 'இன்னும் பார்க்கவில்லை' என்கிறது. ஆனால் அந்த மூன்றாவது வாக்கியம்தான் முதல் இரண்டையும் நம்ப வைத்தது என்பது என் கணிப்பு. எல்லாவற்றுக்கும் நூறு சதவீதம் என்கிறவரிடம், எது பார்த்துச் சொன்னது, எது வாய்க்கு வந்தது என்று பிரிக்க வழியில்லை.

பணிவு என்று நினைத்துச் சொல்லும் சில சொற்களும் வேறு மாதிரி போய்ச் சேருகின்றன. பேக்கப் எடுத்தாகிவிட்டதா என்று கேட்டால் 'ஆஃப் கோர்ஸ்' என்போம். 'கண்டிப்பாக எடுத்தாச்சு' என்பது நம் நினைப்பு. கேட்டவர் காதில் அது 'இதையெல்லாமா கேட்பாங்க?' என்று விழக்கூடும். உதவி கேட்டவருக்குச் சொன்னால் அதே 'ஆஃப் கோர்ஸ்' இனிமையான சொல். 'ஷூர்லி'யும் அப்படித்தான். 'ஷூர்லி ஐ வில் டூ இட்' என்று எழுதுகிறோமே, அங்கே வரவேண்டியது 'சர்டன்லி'. 'ஷூர்லி யூ டுக் எ பேக்கப்?' என்று ஒருவர் கேட்டால், நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்களோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது 'டவுட்'. ஒரு கோளாறு பற்றிய அறிக்கையில் எங்கள் ஆள் ஒருவர் 'ஐ டவுட் த நெட்வொர்க் ஃபெயில்டு' என்று எழுதியிருந்தார். நெட்வொர்க் மீதுதான் தனக்குச் சந்தேகம் என்று அவர் சொல்ல வந்தார். படித்த வாடிக்கையாளர், 'சரி, நெட்வொர்க் காரணமில்லை' என்று எடுத்துக்கொண்டு நெட்வொர்க் குழுவைக் கூட்டத்திலிருந்தே அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு அதுதான் பொருள்: அப்படி நடந்திருக்காது என்று நினைக்கிறேன். இவர் எழுதியிருக்க வேண்டியது 'ஐ சஸ்பெக்ட்'. மற்ற சொற்களில் தவறினால் உறுதி கொஞ்சம் கூடும், குறையும். இதில் தவறினால் அர்த்தமே தலைகீழாகிவிடும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குள்ளேயே இந்தக் குழப்பம் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1951-இல் அமெரிக்காவின் சி.ஐ.ஏ. தயாரித்த ஒரு மதிப்பீடு, அந்த ஆண்டு யுகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க 'சீரியஸ் பாசிபிலிட்டி' இருப்பதாகச் சொன்னது. அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்க, அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட், தன் கணக்கில் 65-க்கு 35 என்ற அளவில் தாக்குதல் நடக்கவே வாய்ப்பு அதிகம் என்றார். கேட்டவர் திடுக்கிட்டுப் போனார். அவர் நினைத்திருந்தது அதைவிட மிகக் குறைவு. கென்ட் தன்னுடன் கையெழுத்துப் போட்ட சகாக்களிடமே விசாரித்தார். ஒருவர் மனதில் 20 சதவீதம், இன்னொருவர் மனதில் 80. எல்லோரும் ஒரே சொற்றொடருக்குத் தலையாட்டியிருந்தார்கள். அந்தத் தாக்குதல் நடக்கவே இல்லை என்பது வேறு கதை.

1964-இல் எழுதிய கட்டுரையில் கென்ட் சொற்களுக்கு எண் கொடுத்தார்: 'ஆல்மோஸ்ட் சர்டன்' என்றால் ஏறத்தாழ 93 சதவீதம், 'ப்ராபபிள்' என்றால் சுமார் 75. இப்படி எண் கேட்பவர்களைக் கணிதக்காரர்கள் என்றும், சொல்லே போதும் என்பவர்களைக் கவிஞர்கள் என்றும் அவர் பிரித்தார். காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைகளிலும் இப்படி ஒரு அளவுகோல் உண்டு: 'லைக்லி' என்றால் 66 சதவீதமோ அதற்கு மேலோ, 'வெரி லைக்லி' என்றால் 90-க்குக் குறையாது, 'வர்ச்சுவலி சர்டன்' என்றால் குறைந்தது 99. எங்கள் வேலைக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லைதான். ஆனாலும் 'ப்ராபப்லி' என்று யாராவது சொன்னால், 'பத்துக்கு எவ்வளவு?' என்று கேட்பேன். அப்போது வருகிற எண் பல நேரம் எனக்கு ஆச்சரியம் தரும்.

நாம் சறுக்குவதற்கு நம் மொழியின் வழக்கமும் ஒரு காரணமோ என்று தோன்றும். தமிழில் உறுதியைக் காலத்தை மாற்றியே காட்டிவிடலாம். இன்னும் கிளம்பாதவர் 'இதோ வந்துட்டேன்' என்பார். யாரும் அதைப் பொய் என்பதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு காரணமாகக் காலம் மாறி வரலாம் என்று நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் 'மழை பெய்தது' என்று சொல்லிவிடுவது அந்தத் தெளிவுக்கு இலக்கணம் படித்தவர்கள் காட்டும் உதாரணம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போய் 'இட் இஸ் டன்' என்று சொன்னால், கேட்பவர் உடனே திரையைத் திறந்து பார்ப்பார். அங்கே ஒன்றும் இருக்காது. முடியப்போகும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'வில் பி' தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

குரலைப் பற்றி நான் அதிகம் சொல்லமாட்டேன். வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே போனால் நல்ல தகவலும் கேள்வியாகக் கேட்கும். பதற்றத்தில் வேகமாகப் பேசினால் எந்தச் சொல்லும் நிற்காது. உச்சரிப்பு யாருடையது போல இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எல்லா இடத்திலும் அந்தப் பெண்ணின் மூன்று வாக்கியம் எடுபடும் என்றும் சொல்லமுடியாது. 'யெஸ் ஆர் நோ?' என்று மட்டுமே கேட்கிற மேலதிகாரிகள் உண்டு. பார்க்காத பகுதியைச் சொன்னால், தயாராக வரவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். அவர்களிடம் நான் 'யெஸ்' என்றே ஆரம்பிப்பேன். ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் போகும்: 'யெஸ், இஃப் த அட்டாச்மென்ட்ஸ் பாஸ் பை சிக்ஸ்.' அவர்கள் 'யெஸ்' வரைக்கும்தான் கேட்பார்கள். மீதியைக் கூட்டம் முடிந்த கையோடு மெயிலில் எழுதி அனுப்பிவிடுவேன், ஆறு மணி என்பதையும் சேர்த்து.