லேப்டாப்பைக் கைமாற்றுவதற்கு முன்

ஃபைல்களை டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால் போதாது. அழிவது ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிதான், டேட்டா பெரும்பாலும் டிஸ்கிலேயே கிடக்கும். இலவச ரெக்கவரி மென்பொருளே அதைப் பல நேரம் மீட்டுவிடும்.

முதலில் பேக்கப். அதைத் திறந்தும் பாருங்கள், காப்பி ஆனதாக நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். பிறகு சார்ஜரைச் செருகிவிட்டு, விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, 'ரீசெட் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று போங்கள். அடுத்து வரும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்'ஸைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் 'க்ளீன் டேட்டா' முதலில் 'நோ'வில்தான் இருக்கும், 'யெஸ்' ஆக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும், இரவில் போட்டுவிடலாம்.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க் என்றால் கதை வேறு. தேய்மானத்தைப் பரப்ப அது எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், மேலெழுதினாலும் பழைய துணுக்குகள் மிஞ்சலாம். பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) டிஸ்க்கை முழுதாக அழிக்கும் 'செக்யூர் எரேஸ்' இருந்தால் அதுவே மேல். ஆனால் விண்டோஸும் போய்விடும், மறுபடி நிறுவ பென்டிரைவ் தயாராக இருக்கட்டும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் லேப்டாப்பை நீக்குங்கள். மேக்புக் என்றால், தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும் 'ஃபைண்ட் மை'யை அணைக்காவிட்டால், வாங்கியவர் உங்கள் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும் ஆக்டிவேஷன் லாக்கில் மாட்டிக்கொள்வார்.

எல்லாம் முடிந்து நாட்டைத் தேர்வு செய்யச் சொல்லும் திரை வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். எஸ்டி கார்டு ஸ்லாட்டில் ஏதாவது இருக்கிறதா?