காக்கிச் சட்டைக்குள் ஓர் ஐந்து முகம்

மயிலாடுதுறை - கும்பகோணம் தடத்தில் கண்டக்டராக இருக்கிறேன். குத்தாலம், திருவாவடுதுறை, நரசிங்கம்பேட்டை, ஆடுதுறை, திருவிடைமருதூர் என்று வழிநெடுகச் சிவன் கோயில்கள். கழுத்தில் ருத்ராட்சம் தெரிந்தால் இந்த ஊர்ப்பக்கம் பேச்சு வராமல் இருக்காது. குனிந்து டிக்கெட் அடித்துக் கொடுக்கும்போது சட்டைக்குள்ளிருந்து மணி வெளியே வந்து தொங்கும். உடனே கேள்வி. "எத்தனை முகம் சார்?" "நேபாளமா, நம்மூரா?" "வேர்வையில போட்டா கெட்டுப்போயிடாதா தம்பி?" நின்று பதில் சொல்வதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். பஸ்ஸில் பாதியில் விட்ட பதில்களை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

மணியின் மேல் ஓடும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முகம் என்று கணக்கு. நான் போட்டிருப்பது ஐந்து முக மணி, ஒன்றே ஒன்று. சமய தீட்சை, அதாவது ஐந்தெழுத்து ஓதக் குருவிடம் பெறும் முதல் தீட்சை, வாங்கிக்கொண்ட நாளிலிருந்து கழுத்தில் இருக்கிறது. சைவ முறைப்படி கணக்கு பெரியது: குடுமிக்கு 1, காதுக்கு 1 அல்லது 6, கழுத்துக்கு 32, புயத்துக்கு 16, கைக்கு 12, மார்புக்கு 108. திருவாவடுதுறை ஸ்டாப்பில் ஏறும், மடத்துத் துறவிகளான தம்பிரான் சுவாமிகளைப் பார்த்தால் அந்தக் கோலத்தின் நிறைவு தெரியும். என்னைப் போல வேலைக்குப் போகிறவனுக்கு ஒரு மணி போதும் என்று தீட்சை கொடுத்த பெரியவரே சொன்னார். ஐந்து முகமும் ஈசானம், தத்புருஷம், அகோரம், வாமதேவம், சத்யோஜாதம் என்ற ஐயனின் ஐந்து முகம், திருவைந்தெழுத்துக்கும் ஐந்துதான். மரத்தில் அதிகமாக விளைவதும் ஐந்து முகம்தான், அதனால் விலையும் ஏழைக்கு எட்டும். எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று சாமியே ஏராளமாகக் காய்க்க வைத்ததை "சாதா மணி" என்று கடைக்காரர்கள் ஒதுக்கிப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

வேர்வைக்கு வருகிறேன். எங்கள் வேலையில் வேர்வைக்குப் பஞ்சமில்லை. சித்திரை வைகாசியில் மதிய டிரிப் ஓட்டிவிட்டு வந்தால் சட்டைக் காலரில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே உப்பு மணியின் பள்ளங்களிலும் படியும். ருத்ராட்சத்தை உற்றுப் பார்த்தால் மேல்துளையிலிருந்து கீழ்த்துளை வரை ஐந்து கோடுகள் ஓடும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மேடும் குழியுமாகக் கரடு. அழுக்கு குடியேறுவது அந்தக் குழிகளில். அதை அப்படியே விட்டால் மணி மங்கும், மழைக்காலத்தில் ஒரு வாடை வரும்.

ஓய்வு நாளில் நான் செய்வது இது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் மணியைப் போட்டு வைப்பேன். மிருதுவான பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கோட்டையும் துளையிலிருந்து துளை வரை ஒரே வாட்டத்தில் தேய்ப்பேன், குறுக்கே தேய்ப்பதில்லை. தண்ணீர் கலங்கும். தெளியும் வரை மாற்றி மாற்றி அலசி, துண்டில் ஒற்றி, நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் போடவே கூடாது. காயும் வேகத்தில் துளை ஓரத்தில் விரிசல் விடும். ஒருமுறை விட்ட விரிசல் பிறகு மூடாது. நன்றாகக் காய்ந்த பின் நல்லெண்ணெய் ஒரு சொட்டு, அதே பிரஷ்ஷால் பள்ளத்தில் இழுத்துவிட்டு, இரவு முழுக்க ஒரு கிண்ணத்தில் வைத்து, காலையில் பழைய வேட்டித் துணியால் துடைத்தால் மணி உயிர் வந்தது மாதிரி இருக்கும். சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம், இருக்கிற எண்ணெய்ப் பசையையும் அவை உறிஞ்சிவிடும்.

புது மணியை ஒரு நாள் நெய்யிலும் மறுநாள் பாலிலும் ஊறவைத்து எடுக்கும் பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. செய்யலாம். பாலில் ஊறியதை மட்டும் நன்றாக அலசிவிட வேண்டும், பள்ளத்தில் நின்ற பால் புளித்துப்போகும். நெய் தடவி மேசையில் வைத்தால் எங்கள் வீட்டில் எறும்பு வரிசை கட்டும். அதனால் எனக்கு நல்லெண்ணெய்தான்.

வாங்கிய புதிதில் மணி வெளிறிய பழுப்பாக இருந்தது. இப்போது கருங்காலி நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் கடைச் சாயம் எதுவும் கிடையாது. உடம்பின் எண்ணெயும் நல்லெண்ணெயும் சேர்ந்து வருஷக்கணக்கில் ஏறிய நிறம். பூஜை அறையில் பிளாஸ்டிக் டப்பாவில் பூட்டி வைத்து, பிரதோஷத்துக்கும் சிவராத்திரிக்கும் மட்டும் எடுக்கிறவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான்: தினமும் போடுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் டப்பாவுக்குள் பூசணம் பூக்கும், கோடையில் மணி வறண்டு வெடிக்கும். மேனியில் கிடக்கும் மணிக்கு அந்த இரண்டு கதியும் வராது. பாடுபடுகிற உடம்புக்குத் தகாதது என்று ஐயன் எங்கேயும் சொல்லவில்லை. வைகையில் மண் சுமந்து பிட்டு வாங்கித் தின்றவன் அவன்.

கயிறு விஷயம் மணியைவிட முக்கியம் என்பேன். தோளில் கேஷ் பேக் வார், கழுத்தில் விசில் கயிறு, நடுவில் இது. கூட்டத்தில் யாராவது பிடித்து இழுத்தால் கயிறுதான் அறுந்துபோக வேண்டும், என் கழுத்து அறுபடக்கூடாது. அதனால் எஃகுச் சங்கிலி போடுவதில்லை, பருத்திக் கயிறுதான். நைலான் கயிறு உறுதியானதுதான், ஆனால் நாளாக ஆகத் துளையின் ஓரத்தை அறுத்துவிடும். செம்புக் கம்பி கட்டினால் வேர்வையில் களிம்பு பிடித்துக் கழுத்திலும் பனியனிலும் பச்சையாக இறங்கும். கும்பகோணத்தில் நகை செய்யும் பத்தர் ஒருவர் என் மணிக்கு இரண்டு பக்கமும் வெள்ளி கட்டி, மேலே ஒரு வளையம் வைத்துக் கொடுத்தார். வெள்ளி கறுக்கும், திருநீற்றை விரலில் எடுத்துத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அந்த வளையம் உரசும் இடத்தில்தான் கயிறு முதலில் தேயும். எண்ணெய் போடும் நாளில் நகத்தால் அங்கே நிமிண்டிப் பார்ப்பேன். இழை பிரிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுவேன், "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று விடுவதில்லை.

செபமாலை வேறு. கழுத்தில் போட்டதை எண்ணக்கூடாது, எண்ணுவதைக் கழுத்தில் போடக்கூடாது. என்னுடையது 27 மணி மாலை, நாலு சுற்று வந்தால் 108. மாலையின் தலைப்பில் நிற்கும் நாயகமணி வந்ததும் அதைத் தாண்டாமல் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். செபமாலை பிறர் கண்ணில் படக்கூடாது என்பது முறை. முதல் டிரிப்புக்கு முன்னால் டிரைவர் அண்ணன் டீ குடிக்கப் போயிருக்கும் நேரத்தில் பின் சீட்டில் உட்கார்ந்து, துண்டைக் கைமேல் போட்டு, அதற்குள் உருட்டுவேன். சம்பந்தர் பாடிய அக்குமாலை இதுதானே என்று நினைக்கும்போது விரல் நுனியில் ஒரு பணிவு தானாக வரும்.

அந்த மாலையை நானே கோத்தேன். வெண்பட்டு நூலோ பருத்தி நூலோ 27 இழை சேர்த்து முறுக்கிய கயிறு வேண்டும். கோடுகளை எண்ணிச் சொல்லும் முகம் வேறு, கோக்கும்போது மணியின் இரண்டு துளைப் பக்கங்களுக்கும் முகம், அடி என்று பெயர். முகத்தோடு முகமும் அடியோடு அடியும் பொருந்தக் கோத்து, மணிக்கு மணி ஒரு முடிச்சு. முடிச்சு மணிகளை உரசவிடாமல் காக்கும். முடிச்சு விழும் இடத்தைத் தள்ளித் தள்ளி மணியோடு ஒட்டச் செய்வதுதான் சிரமம். ஒரு கோணி ஊசியை முடிச்சுக்குள் விட்டு, மணிப்பக்கம் நகர்த்திக்கொண்டே போய், ஊசியை உருவிய கையோடு இறுக்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே போட்டேன். கடையில் கோத்த மாலையைக் குறை சொல்லவில்லை. தானே கோத்தால் மாலையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். இருட்டில் விரல் பட்டாலே எந்த மணி என்று சொல்லிவிடுவேன்.

போலி பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. தண்ணீரில் மூழ்கினால் அசல், மிதந்தால் போலி என்பார்கள். நம்பாதீர்கள். நன்றாகக் காய்ந்த அசல் மணியும் மிதக்கும், ஈயம் வைத்த போலியும் மூழ்கும். இரண்டு செம்புக் காசுக்கு நடுவில் வைத்தால் சுழலும் என்பதும் அப்படித்தான், கரடான எதை வைத்து அழுத்தினாலும் கொஞ்சம் திரும்பும். கண்ணும் லென்ஸும் போதும். இயற்கையான கோடு துளையிலிருந்து துளை வரை விட்டுப்போகாமல், நெளிந்து, ஆழமாக ஓடும். செதுக்கிய கோடு ஆழமில்லாமல் ஒரே சீராக, நடுவில் தேய்ந்து நிற்கும். இரண்டு மணியை ஒட்டியதாகச் சந்தேகம் வந்தால் கொதிநீரில் போட்டால் பசை விட்டுவிடும். விலை கூடின மணி என்றால் எக்ஸ்ரே எடுத்து உள்ளே எத்தனை அறை என்று பார்க்கிறார்கள். முகத்துக்கு ஓர் அறை. நாகம், திரிசூலம் புடைத்துக்கொண்டிருக்கும் மணிகளைக் கிரிவலப் பாதையில் தட்டில் பரப்பி விற்பார்கள். நகத்தை வைத்து அந்த உருவின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், தனியாக ஒட்டியது தெரிந்துவிடும்.

குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ருத்ராட்ச மரம் நிற்கிறது. 1874-ல் உருவான பூங்கா. குடும்பத்தோடு போயிருந்தபோது கீழே விழுந்து கிடந்த பழம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நாம் நினைக்கிற பழுப்பு எதுவும் இல்லை, கண்ணைப் பறிக்கும் நீலம். அந்தத் தோலில் நீலச் சாயமே கிடையாதாம். தோலின் அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். நகத்தால் உரித்தால் மெல்லிய சதை, அதற்குள் கெட்டியான கொட்டை. பைப் தண்ணீரில் கழுவக் கழுவ முகம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. என் மகள் எண்ணினாள்: "அப்பா, அஞ்சு!" கடைத் தட்டில் மட்டுமே பார்த்திருந்த மணி ஒரு மரத்தின் விதை என்று கையில் தெரிந்த இடம் அது. கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர், சங்குவாசபா மாவட்டங்களில் விளைவது பெரிய மணி. ஜாவாவிலிருந்து வருவது சின்னது, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான மணிகள் நிறைய. புண்ணியத்தில் பெரிசு சிறிசு இல்லை. சட்டைக்குள் உறுத்தாமல் இருக்கச் சின்னதே வசதி. என் மனைவி சங்கிலியில் போட்டிருப்பது ஜாவா மணி. பெண்கள் போடலாமா என்று தெருவில் கேட்டார்கள். அடியார் என்று வந்தபின் ஆணென்ன பெண்ணென்ன, காரைக்கால் அம்மையைத் தன் வாயால் "அம்மையே" என்று அழைத்தவன் வழியில் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்பது என் முடிவு.

ஆசாரம் பற்றி. மதுவும் மாமிசமும் இல்லாதவர் அணிய வேண்டும் என்பதுதான் சைவ முறை. கேட்கிறவருக்காக நான் அதைத் தளர்த்திச் சொல்ல மாட்டேன். ஆனால் மணியைப் போட்டுக்கொண்டு, அதற்குப் பயந்தே குடியை விட்ட ஆளையும் எங்கள் டிப்போவில் தெரியும். விட்டபின் போட்டாரா, போட்டபின் விட்டாரா என்று ஐயன் கணக்குப் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் குத்தாலத்தில் ஏறிய பாட்டி கேட்டார். "ஏந்தம்பி, எழவு வூட்டுக்குப் போறப்ப இதைக் கழட்டி வச்சிடுவியா?"

"இல்ல ஆயா. சாமியே சுடுகாட்டுலதானே ஆடுறாரு?"

"அது சாமிக்கு. நீ திரும்பி வந்து குளிக்கறப்பவாவது அதையும் சேத்துக் கழுவு."

அந்தச் சொல்லைத் தட்டவில்லை, இன்றுவரை அப்படியே செய்கிறேன். கழற்றச் சொல்லும் வீட்டுப் பெரியவர்களிடமும் வாதாடுவதில்லை.

பிரஷர் குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு மனசு நிதானப்படுகிறது, சில்லறைக்குச் சண்டை போடுகிறவரிடமும் குரல் உயர்வதில்லை. அது என் அனுபவம். ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை மணியை நம்பி நிறுத்தாதீர்கள். கைக்குழந்தைக்குக் கயிற்றில் கட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். கழுத்துக் கயிறு இறுக்கும், வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். தொட்டில் பக்கத்துச் சுவரில் மாட்டினாலே போதும்.

மணி உடைந்தால் என்ன செய்வது என்று போன வாரம் ஒரு கல்லூரிப் பையன் கேட்டுவிட்டு ஆடுதுறையில் இறங்கிவிட்டான். தம்பி, குப்பையில் போடாதே. காவிரியில் விடலாம், இல்லையென்றால் கோயில் வில்வமரத்தடியில் மண்ணைக் கிளறிப் புதைத்துவிடு. புதுசு வாங்க கும்பேஸ்வரர் கோயில் வாசல் மண்டபத்துக் கடைகளில் கேள், ஐந்து முகம் என்று மட்டும் சொல். லென்ஸ் இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிக் கோட்டைப் பார். பார்க்க விடாத கடையில் வாங்காதே.