பந்து இல்லாத பக்கம்

ஆகஸ்ட் 13, 2023, ஞாயிறு

மகளை இன்று விங்கில், மைதானத்தின் ஓரத்தை ஒட்டி ஆடும் இடத்தில், நிறுத்திவிட்டார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி, சீசனின் கடைசிக் கட்டம். காரில் வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். "பந்தே வரலப்பா, சும்மா ஓடிட்டே இருந்தேன்."

அவள் பந்தைத் தேடி நடுவே போன போதெல்லாம் கோச் கோட்டருகே நின்று கத்தினார்: "வெளியே நில்லு! வெளியே!" குவார்ட்டர் இடைவேளையில் வெள்ளைப் பலகையை எடுத்து, அவள் எண் போட்ட காந்த வில்லையை ஓரக் கோட்டை ஒட்டித் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது தானே நடுப்பக்கம் சரிந்தது. மறுபடியும் தள்ளி வைத்தார்.

மெல்போர்னில் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்குப் பிடித்த இடம் விங்தான். இதை அவளிடம் இப்போது சொன்னால் எடுபடாது.

செப்டம்பர் 3, ஞாயிறு

கோப்பையை முடிவு செய்யும் கடைசிக்கட்ட ஆட்டங்களான ஃபைனல்ஸுக்கு முந்தைய ஓய்வு வாரம். சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ஆஸ்திரேலியன் கௌரவ அணியை அறிவித்துவிட்டார்கள். விங் இரண்டிலும் காலிங்வுட்டின் ஜோஷ் டேகோஸ், சிட்னியின் எரல் குல்டன். சந்தோஷமாக இருந்தது. பல வருடங்களாக இந்த இரண்டு இடங்களில், உள்ளே பந்துக்கு முட்டி மோதும் மிட்ஃபீல்டர்களில் மிச்சம் இருந்தவர்களைப் போட்டு நிரப்பி வந்தார்கள். கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகு மீந்த நாற்காலியில் ஆளை உட்கார வைப்பது மாதிரி.

சென்னையிலிருந்து தம்பி போனில் கேட்டான், "விங்னா ஃபுட்பால்ல இருக்கற மாதிரிதானே?" அவ்வளவாக இல்லை. இங்கே களத்தில் ஓர் அணிக்கு 18 பேர். மைதானம் நீள்வட்டம், எம்.சி.ஜி. ஏறக்குறைய 160 மீட்டர் நீளம், 140 மீட்டர் அகலம். 2019 முதல், நடுவில் ஆட்டத்தைத் தொடங்கும்போது பின்னால் ஆறு பேர், முன்னால் ஆறு பேர், 50 மீட்டர் சதுரத்துக்குள் நான்கு பேர் நிற்க வேண்டும். மிச்சம் இரண்டு பேர்தான் விங். சதுரத்துக்கு வெளியே பக்கத்துக்கு ஒருவர். பந்து ஆட்டத்துக்கு வரும் வரை உள்ளே போகக் கூடாது.

செப்டம்பர் 7, வியாழன், நள்ளிரவு

குவாலிஃபையிங் ஃபைனல். காலிங்வுட் 60, மெல்போர்ன் 53.

மேல் அடுக்கில், விங்குக்கு நேர் மேலே இடம் கிடைத்தது. ஒரு குவார்ட்டர் முழுக்க பந்தைப் பார்க்காமல் ஜோஷை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கஷ்டமான வேலை, எண்பதாயிரம் பேருக்கு மேல் கத்தும்போது கண் தானாகப் பந்துக்கு ஓடுகிறது.

பந்து எதிர்ப்பக்க ஓரத்தில் மாட்டியிருக்கிறது. இருபது பேருக்கு மேல் அங்கே குவிந்திருக்கிறார்கள். இவர் மட்டும் இந்தப் பக்கம், ஆளில்லாத பக்கம். இங்கே இதை ஃபேட் சைட் என்பார்கள். ஒரு கண் குவியலில், ஒரு கண் தன் எதிராள் மேல். காலிங்வுட் கைக்குப் பந்து வரும் என்று தோன்றினால் இன்னும் அகலமாக விலகுகிறார். பின்கள ஆட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தால் இந்தப் பக்கம் உதைக்க ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டும். வராது என்று தோன்றினால் உடனே திரும்பித் தன் கோல் பக்கம் எண்பது மீட்டர் ஓட்டம், எதிரணியின் உயரமான ஃபார்வர்டுக்கு முன்னால் போய் அடைத்து நிற்க. மெல்போர்ன் இன்று முன்களத்துக்குள் எத்தனையோ முறை பந்தை அனுப்பியும் தோற்றதற்கு அவர்கள் உதைத்த லட்சணம் ஒரு காரணம், இப்படி அடைத்து நின்றவர்கள் இன்னொரு காரணம்.

அந்த எண்பது மீட்டருக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. டிவியில் தெரியவே தெரியாது.

செப்டம்பர் 16, சனி

ஆபீஸில் ஒரு பெர்த்காரர் இருக்கிறார். விங் என்று வாயெடுத்தால் பீட்டர் மட்டேரா என்பார். இன்று 1992 கிராண்ட் ஃபைனலைப் போட்டுப் பார்த்தேன். மட்டேராவின் பெர்த் அணியான வெஸ்ட் கோஸ்ட் ஜீலாங்கை 28 புள்ளியில் ஜெயித்து, விக்டோரியாவுக்கு வெளியே கோப்பை முதல்முறையாகப் போன ஆட்டம். விங்கில் ஆடி ஐந்து கோல்! கிராண்ட் ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கமும் அவருக்கே. ஓட்டத்தில் ஒரு பதற்றம் கிடையாது, துரத்துகிறவர்கள்தான் மூச்சு வாங்குகிறார்கள்.

மெல்போர்ன் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ராபர்ட் ஃபிளவர் என்பார்கள்: ஒல்லி உடம்பு, ஆரம்பத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டே ஆடியவர், 272 ஆட்டங்கள். இல்லையென்றால் 1973, 74 இரண்டு வருடமும் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கிய கீத் கிரேக். எனக்கு மட்டேராதான். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

செப்டம்பர் 22, வெள்ளி

58-57. அடுத்த ஃபைனலில் காலிங்வுட் ஜி.டபிள்யூ.எஸ். என்ற சிட்னி அணியை ஒரே புள்ளியில் தாண்டியாயிற்று. விங்கைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

செப்டம்பர் 30, சனி

காலிங்வுட் 90, பிரிஸ்பேன் 86. பதினாறாவது கோப்பை. கிராண்ட் ஃபைனலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, நண்பர் வீட்டு டிவிதான். கேமரா பந்தை விட்டு நகர மாட்டேன் என்றது. நல்ல வெயில் வேறு. இந்த வெயிலில் நாள் முழுக்க ஓரத்தில் மேலும் கீழும் ஓடியவர்களின் நிலைமையை நினைத்துக்கொண்டேன். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி ஆள் மாற்றும் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 75-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உட்கார வைக்க மனமில்லாதவர்கள் பட்டியலில் விங் ஆட்கள் எப்போதும் முன்னால்.

கடைசி சில நிமிடங்களில் காலிங்வுட்டின் கடைசி கோலை அடித்தது ஸ்டீல் சைட்பாட்டம், ஜோஷுக்கு எதிர் விங். கோலிலிருந்து 50 மீட்டரில் போட்ட வளைவுக்கு வெளியே இருந்து. ஒரு கோலுக்கு ஆறு புள்ளி, வித்தியாசம் நான்கு, கணக்கு அவ்வளவுதான். 2010-இல் பத்தொன்பது வயதில் கோப்பை வாங்கியவர். அந்த அணியில் இன்றும் ஆடியது அவரும் முன்னாள் கேப்டன் பெண்டில்பரியும் மட்டுமே. மகள் சோபாவில் ஏறி நின்று கத்தினாள், நான் திட்டவில்லை.

அக்டோபர் 14, சனி

காலிங்வுட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான கோப்லேண்ட் கோப்பை ஜோஷ் டேகோஸுக்கு! அவர் தம்பி நிக் இருக்கும் அணியில், பெண்டில்பரி இருக்கும் அணியில், ஒரு விங் ஆளுக்கு. பத்திரிகைக்காரர்கள் ஓட்டு என்றால் நடந்திருக்குமா, சந்தேகம்தான். இது கோச்சுகள் போடுவது. அவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதே கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சியில். அதில் பதினெட்டு பேரும் தெரிவார்கள்.