நன்றி நவிலலில் கிடைத்த அப்பப்பா

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எங்கள் றங்குப் பெட்டி யாழ்ப்பாணத்து வலிகாமத்திலேயே நின்றுவிட்டது. காணி உறுதி, சாதகக் குறிப்புகள், அப்பப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. திரும்பிப் போனபோது பெட்டியும் இல்லை, வீட்டுக் கூரையும் இல்லை. அப்பப்பா செத்த திகதியை மாமியிடம் கேட்டேன். "புயலடிச்ச அடுத்த வருசம், நல்லூர்க் கொடியேறின கிழமை" என்றார்.

மாமி சொன்ன புயல் 1964 மார்கழியில் அடித்தது. அப்படியென்றால் ஆண்டு 1965. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்குக் கொடியேறுவது ஆடி அமாவாசையை அடுத்த ஆறாம் நாள். பழைய பஞ்சாங்கம் ஒன்றைத் தேடிப் பிடித்து எண்ணினால் ஓகஸ்ட் முதற்கிழமை வந்தது. ஊர்க்காரரின் ஞாபகத்தில் திகதி இருக்காது. புயலும் திருவிழாவும் பாண் வரிசையும்தான் இருக்கும். தேடுகிறவர்கள் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

"நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஈழநாடு இதழ்கள் பல கிடைக்கின்றன. எனக்கு வேண்டிய மாதம் அங்கே அகப்படவில்லை. ஆகவே கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போனேன். ஈழநாட்டையும் வீரகேசரியையும் எடுத்துவைத்து மூன்று நாள் புரட்டினேன். மடிப்பில் தொட்டால் உதிர்கிற தாள். பக்கத்துக்குப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். அப்பப்பாவின் மரண அறிவித்தல் எங்கும் இல்லை.

மாமியிடம் சொன்னபோது அவருக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. "பேப்பரில எங்க மோனை போடுறது? அடுத்த நாளே எடுத்தாச்சு. றேடியோவிலதான் சொன்னது."

அந்த ஒரு வசனம்தான் வழியைத் திறந்தது. ஒரு நாளில் சவம் எடுத்துவிட்டால் பத்திரிகை அறிவித்தலால் யாருக்கும் பயனில்லை. ஆனால் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் நன்றி நவிலல் போடுவார்கள். நேரில் வந்தவர்களுக்கும், தந்தி அடித்தவர்களுக்கும், மலர்வளையம் வைத்தவர்களுக்கும் நன்றி சொல்லாமல் விடுவது ஊரில் குறை. மறுபடி கொழும்புக்குப் போய் செப்டெம்பரைப் புரட்டினேன். இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு சுருட்டு விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு அங்குல உயரத்தில் அது இருந்தது.

அவர்தானா என்பது அடுத்த கேள்வி. எங்களிடம் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமென்றால், ஒரே ஊரில் அதே பெயரோடு நாலு பேர் இருப்பார்கள். ஊர், வீட்டுப் பெயர், மனைவியின் பெயர் என மூன்றும் பொருந்தினால்தான் நான் குறித்துக்கொள்வேன். இதில் மூன்றும் பொருந்தின. அந்தியேட்டி 31ஆம் நாள் என்று அச்சிட்டிருந்தார்கள். செத்த நாளையும் சேர்த்து எண்ணுவது வழக்கம் என்பதால் அதிலிருந்து 30 நாள் பின்னுக்குப் போனேன். கொடியேறிய கிழமையேதான். மாமி ஒரு நாள்கூடப் பிசகவில்லை. அந்தத் திகதியை எழுதி விண்ணப்பித்த பிறகு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி எடுப்பது இலகுவாயிற்று.

அத்தோடு நிறுத்த மனம் வரவில்லை. முதலாம் ஆண்டு நினைவஞ்சலியையும் தேடினேன். இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு: ஆட்டைத் திவசம், அதாவது முதலாண்டுத் திவசம், திகதிப்படி வராது, திதிப்படி வரும். 1966இல் அந்தத் திதி பத்துப் பதினொரு நாள் முந்தி, யூலையிலேயே வந்துவிட்டது. அந்தக் கிழமையின் இதழில் அப்பப்பாவின் படம் இருந்தது. அவர் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். தலைப்பாகையும் காதில் கடுக்கனுமாக, என் தம்பியின் அதே நெற்றி. கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை.

படத்தின் கீழே துயருறுவோர் வரிசை. மனைவி, பிள்ளைகள், மருமக்கள். கடைசியில் "சகோதரி, ஈப்போ". அப்பப்பாவுக்கு ஒரு சகோதரி இருந்ததை எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. முந்திய ஆண்டு நன்றி நவிலலில் அவர் இல்லை. யார் பெயர் இருக்கிறது என்பதைப் போலவே யார் பெயர் விடுபட்டது, எப்போது திரும்பச் சேர்ந்தது என்பதையும் இந்த அறிவித்தல்கள் காட்டிக்கொடுக்கின்றன.

மாமியிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார். "அவ கலியாணம் முடிச்சு மலாயாவுக்குப் போனவ. சீதனக் காணியால அப்பு அவவோட கதைக்கிறதை விட்டிட்டார்" என்றார். அறுபது வருசமாக அவர் வாய் திறக்காத சங்கதி அது.

இப்போது அந்தப் பாட்டியைத் தேடுகிறேன். கோலாலம்பூரில் 1924இல் தொடங்கிய தமிழ் நேசனை ஒருபுறம் பார்க்க வேண்டும். மலாயாவில் இருந்த யாழ்ப்பாணத்தார் ஆங்கிலப் பத்திரிகையிலும் அறிவித்தல் போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 1845 முதலான ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் இதழ்களை இணையத்தில் வைத்திருப்பதால் அதை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். அவர் கணவரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருக்கலாம் என்று இதுவரை ஏழு விதம் குறித்து வைத்திருக்கிறேன்.