‘பகிரவும்’ என்று முடிகிற வேண்டுகோள்

“அவசரம்! அவசரம்!! உயிருக்குப் போராடும் பச்சிளம் குழந்தைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவைப்படுகிறது. மனிதநேயம் உள்ளவர்கள் மட்டும் பகிரவும்.”

ரத்ததான முகாம்களுக்கும் ரத்த வங்கிகளுக்கும் எழுதிக் கொடுப்பவர்களின் மேசைக்கு, ‘கொஞ்சம் உருக்கமா மாத்திக் கொடுங்க’ என்ற குறிப்போடு இப்படியொரு வாசகம் அடிக்கடி வந்து சேரும். உருக்கத்துக்கு அதில் குறைவே இல்லை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை யூனிட், எந்தத் தேதி என்பதுதான் இல்லை. படிப்பவருக்கு நெஞ்சு கனக்கிறது. செய்வதற்கு வேறொன்றும் தரப்படாததால் சொன்னபடி பகிர்கிறார். பகிர்ந்ததும் பாரம் இறங்கிவிடுகிறது, ரத்தமே கொடுத்துவிட்ட மாதிரி. அவரைக் குறை சொல்ல முடியாது. வாசகம் அவரிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான்.

உணர்ச்சிக்கும் செயலுக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளம் பழைய சங்கதி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஹோவர்ட் லெவந்தாலும் உடன் ஆய்வாளர்களும் டெட்டனஸ் பற்றிய பிரசுரங்களைக் கொடுத்துச் செய்த ஆய்வு 1965இல் வெளியானது. சில பிரசுரங்கள் குலைநடுங்க வைத்தன, சில அடக்கமாகப் பேசின. பயந்தவர்கள் ‘ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்’ என்று கூடுதலாகச் சொன்னார்கள், ஆனால் போய்ப் போட்டுக்கொண்டதில் பயத்தின் அளவு வித்தியாசம் காட்டவில்லை. சுகாதார மையத்தை வட்டமிட்டுக் காட்டிய வரைபடமும், எந்த நேரத்தில் போவது என்று யோசிக்கச் சொன்ன குறிப்பும்தான் காட்டின. அவை கிடைத்தவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் போனார்கள். கிடைக்காதவர்களில் சுமார் 3 சதவீதம். இத்தனைக்கும் இவர்கள் கடைசி ஆண்டு மாணவர்கள். மையம் எங்கே என்று தெரியாதவர்கள் அல்ல.

ஆகவே எழுத உட்காரும்போது முதலில் எழுத வேண்டியது கடைசி வரி: எங்கே, எப்போது, யார் வரலாம். உருக்கம் அதற்குப் பிறகு, அந்த வரியை நோக்கி இட்டுச் செல்லும் அளவுக்கு.

எந்த உணர்ச்சி என்பது அடுத்த கேள்வி. தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல் என்ற பகுதி இதில் இன்றைக்கும் கைகொடுக்கிறது. அழுகை பிறக்கும் இடங்களாக அது சொல்வது இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (நிலை தளர்வது), வறுமை. நாம் எழுதும் வேண்டுகோள்களில் முக்கால்வாசி இந்த நான்கிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொடையை அது வைத்திருக்கும் இடமோ வேறு: கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ் ஆகியவற்றோடு பெருமிதத்தின் கீழே. கொடுப்பவர் நிமிர்ந்துதான் கொடுக்கிறார். ‘மனிதநேயம் உள்ளவர்கள் மட்டும்’ என்பது அவரை நிமிர விடாமல், ‘வராவிட்டால் நீ மனிதனா?’ என்று கூசவைக்கிறது.

கூசவைப்பதில் எரிச்சலைத் தாண்டிய ஆபத்தும் உண்டு. வெட்கப்பட்டோ கட்டாயப்பட்டோ வருபவர் படிவத்தில் உண்மையை மறைக்கப் பார்ப்பார். பச்சை குத்தி 12 மாதம் ஆகவில்லை என்பதையோ, போன வாரம் காய்ச்சல் இருந்ததையோ சொல்ல மாட்டார். தானாக மனமுவந்து வருபவரின் ரத்தமே பாதுகாப்பானது என்று ரத்த வங்கிகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அளவுக்கு மீறிய உருக்கம் நோயாளிக்கே கெடுதலாக முடியலாம்.

மேலே உள்ளது போன்ற ஒரு வாசகத்தை, விவரம் கேட்டு, இப்படி மாற்றலாம்:

“6 வயதுச் சிறுமி, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். 3 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால் பள்ளிக்கூடம் போவாள், நொண்டி ஆடுவாள். அடுத்த முறை வியாழக்கிழமை, 14ஆம் தேதி. ஓ நெகட்டிவ், 1 யூனிட். அரசு மருத்துவமனை ரத்த வங்கி, முதல் மாடி, புதன் வரை, காலை 9 முதல் 1 மணி வரை. வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், கடைசியாகக் கொடுத்து ஆண்கள் 3 மாதம், பெண்கள் 4 மாதம் ஆனவர்கள் வரலாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.”

‘பச்சிளம்’ போய்விட்டது, ‘உயிருக்குப் போராடும்’ போய்விட்டது. அவை செய்யாததை ‘நொண்டி ஆடுவாள்’ செய்கிறது. அடைமொழி எழுதியவரின் உணர்ச்சி. வினைச்சொல் படிப்பவரிடம் படம் எழுப்புகிறது. ‘தேவைப்படுகிறது’ என்ற அலுவலக வினையும் இல்லை. படமும் பெயரும் வேண்டாம். குழந்தை நாளை வளர்ந்து அதைப் பார்க்கும். ஆனால் நொண்டி ஆட்டம் உண்மையாக இருக்க வேண்டும், வீட்டாரிடம் கேட்டே எழுத வேண்டும்.

பலர் அடுத்துச் செய்யும் தவறு, கூடவே ‘நாடு முழுவதும் இத்தனை ஆயிரம் குழந்தைகள்’ என்று சேர்ப்பது. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கையில் 5 டாலர் வைத்திருந்தவர்கள் மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதையை மட்டும் படித்தபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43தான். ஆண்டறிக்கையில் எண்ணுக்கு இடம் உண்டு. நோட்டீஸில் ஒரு குழந்தை போதும்.

‘அவசரம்’ என்ற சொல்லைச் சில்லறையாக மாற்றிவிட்டோம். உண்மையான அவசரத்துக்குக் காரணம் சொல்லலாம்: ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமை முகாமில் எடுத்தது சனிக்கிழமை இருக்காது. சிவப்பணுக்கள் பையில் உள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் நிற்கும். அதற்கு இரட்டை ஆச்சரியக்குறி எதற்கு? ‘உங்கள் ஒரு துளி’ என்ற பேனரும் அப்படித்தான். எடுப்பது 350 அல்லது 450 மில்லி.

ஊசிக்குப் பயப்படுபவரிடம் ‘பயம் வேண்டாம்’ என்றால் பயம்தான் நினைவுக்கு வரும். ‘சுருக்கென்று ஒரு குத்து, பிறகு பத்து நிமிடம் படுத்திருக்கலாம், கடைசியில் ஜூஸ்’ என்றால் அவர் அளந்துகொள்வார்.

நன்றி சொல்வதிலும் இதே கணக்கு. ‘தங்களின் ஈடு இணையற்ற சேவைக்கு’ என்று தொடங்கும் சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடும். ஸ்டாக்ஹோமில், கொடுத்த ரத்தம் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டதும் கொடுத்தவரின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். நம் முகாம்களில் அந்த வசதி இல்லாவிட்டாலும், வியாழக்கிழமை சாயங்காலம் ‘ஏற்றியாகிவிட்டது, வீட்டுக்குப் போய்விட்டாள்’ என்று ஒரு வரி அனுப்ப யாரும் தடுக்கவில்லை. அதே வரியை, வேண்டுகோள் போட்ட எல்லாக் குழுக்களிலும் ‘ரத்தம் கிடைத்துவிட்டது, இனி அழைக்க வேண்டாம்’ என்ற குறிப்போடு போட வேண்டும். இல்லையென்றால், வேண்டுகோளில் எண் கொடுத்திருந்தால், அடுத்த வருஷமும் அந்தச் சிறுமியின் அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருக்கும்.